படைப்பிரிவுச் சின்னம்: பொருள் வரைபவர் கையிலா, அணிபவர் தோளிலா?

கேடயன்:
கணினி விளையாட்டொன்றின் கற்பனைப் படைப்பிரிவுக்காக நண்பர் ஒருவர் வரைந்த தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்தேன். குத்துவாள், இரண்டு மின்னல், சிறகுகள், பூகோளம், ஐந்து நட்சத்திரம், அடியில் ஒரு முழக்கம். மின்னலுக்கு இத்தனை என்று கூலி பேசினார்களோ என்னவோ! சின்னத்தின் முதல் வேலை ஆளை அடையாளம் காட்டுவதே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், ஜெனரல் கியர்னி வேறொரு பிரிவின் அதிகாரிகளைத் தம்மவர் என்று நினைத்துக் கடிந்துகொண்டதாகவும், அதன் பிறகே தம் ஆட்களுக்குச் சிவப்புத் துணித்துண்டை அடையாளமாக்கியதாகவும் சொல்வார்கள். மறு ஆண்டு ஜெனரல் ஹூக்கர் தம் படை முழுவதற்கும் சின்னங்களை வகுத்தார். முதல் கோருக்கு, அதாவது பெரும்படைப்பிரிவுக்கு, வட்டம், இரண்டாவதற்கு மூவிலை, மூன்றாவதற்குச் சாய்சதுரம். ஒவ்வொரு கோரிலும் அதன் உட்பிரிவுகளான டிவிஷன்களில் முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு நீலம். அந்த வட்டத்துக்குப் பின்னால் எந்தத் தத்துவமும் இல்லை.

மரபுவழி:
அடையாளம் மட்டும் போதுமென்றால் எண்ணைத் தைத்துக்கொண்டு போய்விடலாமே, நண்பரே. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து தரையிறங்கிப் போரிடும் பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக ஓவியர் எட்வர்ட் சீகோ வரைந்த சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கக் கதையில் பெலரோபான் சிறகுக்குதிரை பெகாசஸின் மேலேறி, வானிலிருந்து கைமேரா என்னும் அரக்க விலங்கைத் தாக்குகிறான். வானிலிருந்து குதித்துப் போரிடுவோருக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? வரைபவர் முன்கூட்டியே யோசித்துப் பொருளை வைத்ததால்தான் அது நிலைத்தது.

கேடயன்:
அது நிலைத்ததற்கு அரக்குச் சிவப்புத் துணியில் வெளிர்நீலத்தில் ஒரே ஓர் உருவம் மட்டும் இருந்ததும் காரணம். கைமேராவையும் சேர்த்து வரைந்திருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? கதை தெரியாதவருக்கும் அது பறக்கும் குதிரை, அவ்வளவு போதும்.

நூலும் ஊசியும்:
நான் பூத்தையல் வேலை செய்பவள். ஆகையால் தத்துவத்தை விட்டுவிட்டு நூலைப் பற்றிச் சொல்கிறேன். சின்னம் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் துணியில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எழுத்தின் உயரம் சுமார் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அதன் உட்குழியை நூல் அடைத்துவிடுகிறது. முழக்கம் வெறும் முடிச்சு வரிசையாகிவிடும். நட்சத்திரத்தின் கூர்முனைகளும் மழுங்கிப்போகும். கேடயன் சொன்ன வரைவை அப்படியே தைத்தால் சிறகு எது, மின்னல் எது என்று எனக்கே தெரியாது.

கேடயன்:
நன்றி அம்மா, என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வரைபவர் வைக்கும் பொருளை நம்பவும் முடியாது. அமெரிக்காவின் 45ஆவது காலாட்படை டிவிஷன் 1924 முதல் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகாவை அணிந்தது. தென்மேற்குப் பகுதியின் தொல்குடி மக்களிடையே அது நற்பேற்றின் குறி. பின்னர் நாஜிகள் அந்தக் குறிக்கு என்ன பொருளை ஏற்றினார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1939இல் அந்த இடத்தில் தொல்குடிக் கதைகளில் வரும் இடிப்பறவை வந்தது.

மரபுவழி:
நீங்கள் காட்டிய சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அடையாளம் காட்டுவது மட்டுமே சின்னத்தின் வேலை என்றால் அதை மாற்றவே வேண்டியிருந்திராது. தம் ஆட்களை இனம்காண்பதற்கு அந்தப் பழைய குறி கடைசி நாள் வரை நன்றாகவே உதவியிருக்கும். பொருள் கனத்ததால்தான் அதைக் கழற்றினார்கள். கழற்றியபோதும் அந்த டிவிஷனுக்குரிய நான்கு மாநிலங்களைக் குறிக்கும் சதுரத்தின் நான்கு பக்கங்களையும், சிவப்பையும் மஞ்சளையும் விடவில்லை.

கேடயன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது மிஞ்சியது என்பதையும் பாருங்கள்: வடிவமும் நிறமும். சில வேளை நிறமும் போய்விடும். அமெரிக்காவின் முதல் குதிரைப்படை டிவிஷனின் பெரிய மஞ்சள் கேடயம், கறுப்புச் சாய்பட்டை, குதிரைத் தலை ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் குதிரைப்படையின் மரபு நிறம். வியட்நாம் போரின்போது எதிரியின் கண்ணில் படாதிருக்க அதையே ஆலிவ் பச்சையாக்கினார்கள். நிறத்தின் பொருள் போயிற்று; ஆனால் கேடயத்தின் விளிம்பையும் குதிரைத் தலையையும் பார்த்தவர் யாரும் அது எந்த டிவிஷன் என்று கேட்டிருக்க மாட்டார்.

மரபுவழி:
மஞ்சளை அறிந்தவருக்குத்தான் அந்தப் பச்சையும் புரிந்தது என்பேன். போகட்டும், உங்கள் நண்பரின் வரைவிலிருந்து எதை நீக்குவீர்கள்?

நூலும் ஊசியும்:
என்னைக் கேட்டால் பூகோளம், முழக்கம், நட்சத்திரங்கள், மின்னல் என்ற வரிசையில் நீக்குவேன். குத்துவாளும் சிறகும் இருந்தால் இரண்டு நிற நூலில் முடித்துத் தருவேன்.