வீட்டோடு சேர்ந்து ஆட எந்த விளையாட்டுக் கருவி வாங்கலாம்?

வணக்கம். பள்ளி விடுமுறைக்கு முன் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி வாங்க வேண்டும். பிள்ளைகள் சோபாவில் சுருண்டு கிடக்காமல் கைகால்களை அசைத்து ஆட வேண்டும், அத்தையும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

எங்களுடையது சிங்கப்பூரின் தெம்பனிஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. தேநீர் மேசையைச் சுவரோரம் தள்ளினாலும் தொலைக்காட்சிக்கு முன்னால் 6 அடிதான் தேறும். அதனால் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு இணைக்கும் பழைய கினெக்ட் சரிவராது. அது கேமராவால் உடலைப் பார்ப்பதால், இருவர் ஆட ஏறக்குறைய 8 அடி தள்ளி நிற்க வேண்டும். அதன் தயாரிப்பும் 2017இல் நின்றுவிட்டது.

நிண்டெண்டோ சுவிட்ச்சில்தான் மனம் நிற்கிறது. ஜாய்கான் என்னும் கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்துப் பூப்பந்து ஆடலாம். சுவிட்ச் லைட் என்ற வகை மலிவுதான். ஆனால் அதில் கைப்பிடி கழறாது, தொலைக்காட்சியிலும் இணைக்க முடியாது.

பழைய சுவிட்ச்சா, 2025இல் வந்த சுவிட்ச் 2ஆ என்பதில்தான் குழப்பம். வளையத்தை அழுத்தி உடற்பயிற்சி செய்யும் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற சுவிட்ச் விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புதியதில் அதை ஆடவும் பழைய ஜாய்கான்தான் தேவை. அதையும் தனியாக வாங்கினால் செலவு கூடுமே!

வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ள அத்தை உட்கார்ந்தபடியே போலிங் ஆட முடியுமா? ரிங் ஃபிட்டில் ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கும் சத்தமில்லா முறை, கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்கு உதவுகிறதா? சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பிறர் பயன்படுத்திய கருவியை வாங்கினால் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?