மறுமொழி: ப்ளீடர் ரெசிஸ்டர் – ‘கசிவுத் தடை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். மின்வழங்கியை அணைத்த பிறகு மின்தேக்கியில் (கெப்பாசிட்டரில்) மிஞ்சும் மின்னேற்றத்தைத் தீர்க்க வைப்பதுதான் ப்ளீடர் ரெசிஸ்டர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி. இங்கே டிரைவ் என்பது மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் சுற்று.

> ப்ளீடர் ரெசிஸ்டர் = கசிவுத் தடை. சின்னதாக, எளிமையாக இருக்கிறது. மோட்டார் டிரைவ் மின்வழங்கிக் கையேட்டில் இதையே போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ‘கசிவு மின்னோட்டம்’ என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. மின்தேக்கியின் உள்ளேயே மெல்ல ஒழுகும் மின்னோட்டம் அது. அதிகமானால் மின்தேக்கி கெட்டுவிட்டது என்று பொருள். நாம் பேசும் உறுப்போ வேண்டுமென்றே வைப்பது, பாதுகாப்புக்காக வைப்பது. கசிவு என்று பெயரிட்டால் ‘கசிவா? எடுத்துவிடலாமே’ என்று யாராவது கழற்றிவிடுவார்கள்.

பெயரைப் பற்றிப் பேசுமுன் அதன் வேலையை எண்களோடு ஒருமுறை பார்த்துவிடுவோம். 50 வோல்ட் ஏசி தரும் மின்மாற்றி, பிரிட்ஜ் திருத்தி (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்), அப்புறம் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அலையின் உச்சம் 70.7 வோல்ட். டையோடுகளில் போவது போக 69 வரை கிடைக்கும். சுமை இல்லாதபோது சற்று ஏறியே நிற்கும். 70 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மின்தேக்கியில் அப்போது இருக்கும் ஆற்றல் 24.5 ஜூல். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். திருப்புளி நுனி குறுக்கே பட்டால் பளிச்சென்று பொறி பறந்து உலோகம் உருகும். 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் கை படக்கூடாது என்றுதான் பல பாதுகாப்புத் தரங்களும் வரையறுக்கின்றன.

அந்த மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், ஒரு நிமிடத்தில் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அது எப்போதும் 2.2 வாட் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும் என்பதால் 5 வாட் உறுப்பாகப் போடுவது நல்லது. வேலை இவ்வளவுதான்: அணைத்த பிறகு மிஞ்சிய மின்னேற்றத்தைத் தீர்ப்பது.

> ‘வடிதடை’ என்று சொல்லலாமே? தண்ணீர் வடிவது போல.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மின்னணுவியலில் ‘வடி’ என்றதும் நினைவுக்கு வருவது வடிகட்டி, வடிப்பான். நம் உறுப்பு உட்கார்ந்திருப்பதே வடிகட்டி மின்தேக்கியின் மேல். புதிதாகப் படிப்பவர் இதை டிசியில் மிஞ்சும் அலைவைக் குறைக்க வைத்த தடை என்று எடுத்துக்கொண்டு, மின்தேக்கிக்கு முன்னால் தொடராக இணைத்துவிட வாய்ப்புண்டு. பக்கமாக இணைக்க வேண்டியதைத் தொடராக இணைத்தால் பாதுகாப்பும் போச்சு, டிரைவுக்கு மின்சாரமும் போச்சு.

> ‘வற்றுதடை’?

இது எனக்கு உண்மையிலேயே பிடித்தது. குளம் வற்றுவது போல முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் குறைவது அப்படியே பொருந்துகிறது. சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் பழசானால் உள்ளே இருக்கும் திரவம் நிஜமாகவே வற்றிப்போகும். ‘மின்தேக்கி வற்றியதா என்று பார்’ என்று எழுதினால் எந்த வற்றல் என்று கேட்பார்கள். பழுதுபார்ப்பவர்களுக்கு அந்தப் பொருளில் இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும். அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

> அப்படியானால் ‘இறக்குதடை’. மின்னிறக்கம்தானே செய்கிறது?

நெருங்கிவிட்டோம். ஆனால் ‘இறக்கு மின்மாற்றி’ பாடநூல்களில் இருக்கிறதே? அங்கே இறங்குவது மின்னழுத்தம். அதே பழக்கத்தில் படித்தால் இறக்குதடை என்பது மின்னழுத்தத்தைக் குறைக்கத் தொடராக வைக்கும் தடை ஆகிவிடும். மறுபடியும் அதே தொடர் இணைப்புக் குழப்பம். ‘மின்’ என்ற முன்னொட்டைச் சுருக்கத்துக்காக வெட்டியதுதான் இங்கே வினை. ‘மின்னிறக்கம்’ என்று முழுதாகச் சொன்னால் யாரும் மின்மாற்றியை நினைக்க மாட்டார்கள்.

‘தடை’ பற்றியும் ஒரு வார்த்தை. அளவுக்கும் தடை, உறுப்புக்கும் தடை என்றால் ‘2.2 கிலோ ஓம் தடை உள்ள தடை’ என்று எழுத நேர்கிறது. ‘மின்தடையாக்கி’ சரியான சொல்தான், ஆனால் இன்னொரு சொல்லோடு சேர்த்தால் மூச்சு வாங்குகிறது. இலங்கைப் பாடநூல்களின் ‘தடையி’ கச்சிதம். ஆகவே என் முன்மொழிவு: மின்னிறக்கத் தடையி. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் எல்லோரும் ‘ப்ளீடர்’ என்றே சொல்வார்கள், சொல்லட்டும். கையேட்டிலும் சுற்றுப்படத்திலும் முழுச் சொல் இருந்தால் போதும்.

> மோட்டார் டிரைவில் பிரேக் பிடிக்கும்போது ஆற்றலை எரிக்கும் ரெசிஸ்டரும் இதே வகைதானே? ஒரே பெயர் போதாதா?

போதாது. இந்த இழையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். ஓடும் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால் அது மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பித் தள்ளும். சாதாரணத் திருத்திச் சுற்றில் அந்த ஆற்றல் மின்மாற்றிக்குத் திரும்பிப் போக வழியில்லை, டையோடுகள் விடாது. எல்லாம் மின்தேக்கியில்தான் ஏறும். மேலே சொன்ன மின்தேக்கியில் 20 ஜூல் வந்து சேர்ந்தால் 70 வோல்ட் 94 ஆகிவிடும். 80 வோல்ட் வரைதான் தாங்கும் டிரைவ் என்றால் கதை முடிந்தது.

அந்த நேரத்தில் 2.2 கிலோ ஓம் உறுப்பு எரிப்பது 4 வாட். 20 ஜூலைத் தீர்க்க அதற்கு 5 விநாடிக்கு மேல் ஆகும். மோட்டாரோ அரை விநாடிக்குள் நின்றுவிடும். அதனால்தான் தனியாக, 76 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) மூலம் 10 ஓம் உறுப்பை இணைக்கிறோம். அது ஒரு கணத்துக்குச் சுமார் 580 வாட்டை விழுங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, யாராவது அந்த 10 ஓமை மாஸ்ஃபெட் இல்லாமல் நேரடியாக இணைத்தால், 490 வாட் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். பெட்டியே தீப்பிடிக்கும்.

இந்தப் பிரேக் உறுப்புக்கு வந்த ‘எரிதடை’ கருகிப்போன தடை போலத் தொனிக்கிறது. ‘தடுப்புத் தடை’யை வாய்விட்டுப் படித்தால் சிரிப்பு வருகிறது. மோட்டாரிலிருந்து மீண்டு வரும் மின்சாரத்தை ‘மீள்மின்’ என்று வைத்தால் மீள்மின் தடையி என்பது இயல்பாக அமைகிறது. மீள்மின் என்ற சொல்லைத் தனியாகவும் பயன்படுத்தலாம்: ‘மோட்டார் ஓடும்போது மின்தேக்கிக்கும் டிரைவுக்கும் இடையிலான இணைப்பைத் துண்டிக்காதீர்கள், மீள்மின் போக இடமிருக்காது’ என்று ஒரே வரியில் எச்சரிக்கை எழுதிவிடலாம்.

அடிக்குறிப்பாக ஒன்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்னிறக்கத் தடையியே உள்ளே அறுந்துபோகலாம். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொடாமல், மீட்டரில் அளந்துவிட்டே கை வைக்க வேண்டும். பெயர்ப்பலகை வாசகமாக ‘அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்துத் தொடவும்’ என்பதை முன்வைக்கிறேன்.

இன்ரஷ் கரண்ட்டுக்கு (ஸ்விட்ச் போட்டதும் ஒரு கணம் பாயும் பெரும் மின்னோட்டம்) ‘திடீர்ப் பாய்வு’ என்று வந்த பரிந்துரையை இங்கே எடுக்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். உருகி ஏன் போகிறது என்பதிலிருந்து பேச வேண்டியிருக்கும்.

அன்புடன்.