சொல் பட்டியலா, முழுத் தொடரா? ஆங்கிலம் பேச எதை மனப்பாடம் செய்வது?

வைகைக்கரை எழுதியது:

என் தம்பி தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவன். வங்கித் தேர்வுக்காக நோட்டு நோட்டாக ஆங்கிலச் சொற்களை எழுதிப் படித்திருக்கிறான். ‘அமீலியரேட்’, ‘யுபிக்விட்டஸ்’ என்று எதைக் கேட்டாலும் பொருள் சொல்வான். இப்போது சென்னையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. போனில் யாராவது மேனேஜரைக் கேட்டால், “வெளியே போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன்” என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வராமல் திணறுகிறான்.

பேசுவதற்காகக் கற்பவர்கள் சொல் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முழுத் தொடர்களைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். நம்முடைய ‘இல்’, ‘உக்கு’, ‘இலிருந்து’ எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. அவர்களுடைய ‘இன்’, ‘டு’, ‘ஃப்ரம்’ முன்னால் நிற்கின்றன. தமிழில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் வாக்கியத்தையே தலைகீழாகப் புரட்ட வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் அதுவரை காத்திருப்பாரா? ‘ஹீ ஹேஸ் ஸ்டெப்ட் அவுட், ஐ வில் ஆஸ்க் ஹிம் டு கால் யூ பேக்’ என்று மொத்தமாக நாக்கில் இருந்தால் அந்த வேலையே இல்லை. ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எழுதிய மைக்கேல் லூயிஸ் 1993இல் இதை ஒரு பாடமுறையாகவே எழுதி வைத்தார். பேசுகிறவர்கள் சொல் சொல்லாகக் கட்டிக்கொண்டு போவதில்லை, பெரும்பாலும் தயாராக இருக்கும் சொற்கூட்டங்களை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் வாதம்.

செல்வி டீச்சர் எழுதியது:

உங்கள் தம்பியின் திணறல் எனக்குப் புரிகிறது. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். பட்டியல் படித்தது குற்றமில்லை. போட்டித் தேர்வுக்கான அபூர்வச் சொற்களின் பட்டியலைப் படித்துவிட்டுப் போன் பேசப் போனதுதான் சிக்கல்.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் நூறு வருடத்துக்கு முன்பு டாக்காவில் கல்விப் பணியில் இருந்தார். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்புப் புத்தகங்களில் தேவையில்லாத அபூர்வச் சொற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர், அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்துப் பாடநூல்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை சுமார் 2000 சொற்கள்தான். அப்புறம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், 1961இல் அச்சான நூல்கள், செய்தித்தாள்கள் முதலியவற்றிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். அதில் பாதியை வெறும் 135 சொற்களே நிரப்பின. ‘த’ என்ற ஒரே சொல் ஏறக்குறைய 7 சதவீதம்.

சரியான 2000 சொற்களும் அடிப்படை வாக்கிய அமைப்பும் கையில் இருந்தால் உங்கள் தம்பி எந்தத் தொடரையும் தானே கட்டுவார். மனப்பாடத் தொடரில் ‘அவர் வெளியே போயிருக்கிறார்’ இருக்கும். ‘அவர் போய்விட்டார், ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை’ என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

வைகைக்கரை எழுதியது:

டீச்சர், அந்த 135 சொற்கள் எவை என்று பாருங்கள். ‘த’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ போன்றவை. தனியாக நிற்கும்போது அவற்றுக்கு என்ன பொருள் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சார்லஸ் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒரு சுருக்க ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார். மொத்தம் 850 சொற்கள், அதில் வினைகள் 18 மட்டுமே. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 வினையை வைத்து எல்லாவற்றையும் எப்படிச் சொன்னார்? ‘என்டர்’ கிடையாது, ‘கோ இன்’ உண்டு. ‘டாலரேட்’ கிடையாது, ‘புட் அப் வித்’ உண்டு. ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும். மூன்றையும் கூட்டினால் ‘பொறுத்துக்கொள்’ என்று நம் ஊர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்? கணக்கில் 850தான், ஆனால் கற்க வேண்டியது அதைப்போலப் பல மடங்கு. உங்கள் 2000 சொற்களிலும் இதே மறைமுகச் சுமை இருக்கிறது. அந்தச் சுமைக்குப் பெயர்தான் தொடர்.

கணக்கன் எழுதியது:

நான் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். டீச்சர் பக்கம்தான் பேசுவேன். முழுத் தொடர் மனப்பாடத்தின் விளைவை நேர்காணல் அறையில் தினமும் பார்க்கிறேன். ஒரே பயிற்சி நிலையத்திலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சுய அறிமுகத்தை ஒப்பிக்கிறார்கள்: ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி, ‘ஹார்ட் ஒர்க்கர்’, ‘க்விக் லேர்னர்’ வழியாக ‘தேங்க்யூ சார்’ வரை. நடுவில் நிறுத்தி, “கடைசியாக என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டால் முகம் வெளிறிவிடுகிறது. அவர்களைப் பார்க்கவே மனசு கேட்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள்.

‘மைசெல்ஃப்’ என்று அறிமுகத்தைத் தொடங்குவதே தவறு. முழுத் தொடராகப் படித்ததால் அந்தத் தவறு ஒரு வகுப்பு முழுக்க அப்படியே ஏறிவிட்டது. வாக்கியம் எப்படி அமைகிறது என்று தெரிந்த பிள்ளை ஒருமுறையாவது சந்தேகப்பட்டிருக்கும்.

நெய்வேலி நிலா எழுதியது:

கணக்கன் சார் சொல்வது ஒப்பிப்பது பற்றி. வைகைக்கரை அண்ணா சொல்வது வேறு என்று நினைக்கிறேன். நான் அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் இரவு ஷிஃப்ட்டில் போன் பேசுகிறவள். என் அனுபவத்தில் பேசுவதைவிடக் காதில் வாங்குவதுதான் பெரிய கண்டம்.

அவர்கள் ‘கோயிங் டு’ என்று சொல்வதில்லை, ‘கனா’ என்கிறார்கள். ‘வாட் டூ யூ’ என்பது ‘வாடயா’ என்று விழுகிறது. நோட்டில் தனித்தனியாக எழுதிப் படித்த சொற்கள் காதுக்கு அந்த வடிவத்தில் வருவதே இல்லை. தொடராகக் கேட்டுப் பழகினவர்களுக்கு மட்டும்தான் பிடிபடும். வேலையில் சேர்ந்தவர்களுக்கு எங்கள் டீம் லீடர் முதலில் கொடுப்பது இருபது முப்பது தொடர்கள்தான்: ‘பேர் வித் மீ’, ‘மே ஐ புட் யூ ஆன் ஹோல்ட்’, ‘லெட் மீ செக் தட் ஃபார் யூ’. மூளை அடுத்த பதிலைத் தேடும் நேரத்தில் வாய் சும்மா இல்லாமல் பார்த்துக்கொள்ள இவைதான் உதவும். டீச்சர் சொல்லும் சாவி வாக்கியத்தைக் கட்டுவதற்கான அவகாசமே இப்படித்தான் கிடைக்கிறது.

செல்வி டீச்சர் எழுதியது:

நிலா, போன் வேலைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆங்கிலம் என்றாலே போன் பேசுவது என்று எல்லாரும் ஏன் முடிவு செய்துவிடுகிறோம்?

என்னிடம் மாலையில் வரும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் இயற்பியல் படித்தவர்கள். விசை, முடுக்கம், உந்தம் எல்லாம் அத்துப்படி. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது என்றாலும், பெரும்பாலான பிள்ளைகள் சேர்வது ஆங்கில வழியில்தான். முதல் வாரத்திலேயே ‘ஃபோர்ஸ்’, ‘அக்ஸலரேஷன்’, ‘மொமென்டம்’ என்று பாடம் ஓடுகிறது. தெரிந்த பாடமே தெரியாததாகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு ‘மே ஐ புட் யூ ஆன் ஹோல்ட்’ எதற்கு? அதற்கு வேண்டியது சொல், உடனடியாக.

துறைச் சொற்களோடு முடிவதும் இல்லை. ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘சிக்னிஃபிகன்ட்’ மாதிரி எல்லாப் பாடங்களிலும் வரும் சொற்களை அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000இல் பட்டியலாகத் தொகுத்தார். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), கல்லூரிப் பாடநூல் உரையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளைத் துணையில்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் என்ற இன்னொரு மொழி ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார். அவ்வளவு தூரத்துக்கு முப்பது தொடர்கள் துணைக்கு வராது.

வைகைக்கரை எழுதியது:

கல்லூரிப் பிள்ளைக்குச் சொற்கள் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லையும் தனியாக எழுத வேண்டாம் என்கிறேன். ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று எழுதாமல் ‘கண்டக்ட் அன் எக்ஸ்பெரிமென்ட்’ என்று எழுதலாம். ‘ரெய்ன்’ என்றால் ‘ஹெவி ரெய்ன்’. இல்லையென்றால் ‘பெரிய மழை’யை ‘பிக் ரெய்ன்’ ஆக்குவார்கள். நோட்டில் ஒரு வரிக்கு ஒரு சொல் என்ற பழக்கம் போனால் போதும்.

கணக்கன் எழுதியது:

அப்படியானால் இது மனப்பாட முறையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 1972இல் லைட்னர் என்ற ஜெர்மானியர் சொன்ன பெட்டி முறையைப் பாருங்கள். அட்டையில் எழுதி, சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் மறுபடி முதல் அறைக்கு. இன்றைய கைபேசிச் செயலிகள் பலவற்றுக்கும் இந்த எண்ணம்தான் அடிப்படை. அட்டையில் சொல் இருந்தாலும் தொடர் இருந்தாலும் வேலை செய்யும்.

செல்வி டீச்சர் எழுதியது:

வேலை செய்யும், ஆனால் வரிசை முக்கியம். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் ஐந்து சொல் கொண்ட தொடரைக் கொடுத்தால் ஐந்து தடுமாற்றம். முதலில் சொல், அது படிந்த பிறகு அதன் கூட்டாளி. இந்த இடத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

வாசிக்கத் தடுமாறினால் காதால் கேட்கட்டுமே டீச்சர். நிலா, அந்த முப்பது தொடர்களை இங்கே போட முடியுமா? தம்பிக்கு நாளைக்கே அனுப்ப வேண்டும். முடிந்தால் உங்கள் குரலில் பதிவு செய்தும் போடுங்கள்.