கபடிக்கு ஆறு பெட்டி கேன்: எங்க தெரு வாட்ஸ்அப் குழு

*பாம்பன், மே மாதம், மீன்பிடித் தடைக்காலம்*

சேகர் (விழாக் குழு), காலை 7:12
ஞாயித்துக்கெழமை கபடிக்கு ஒரு விசயம். எனர்ஜி டிரிங்க் ஏஜென்சிக்காரங்க 6 பெட்டி சும்மா தர்றாங்களாம். பெட்டிக்கு 24 கேன். மைதானத்துல பேனர் ஒண்ணு கட்டணும், அவ்வளவுதான். 8 டீமு, டீமுக்கு 12 பேரு, ஆளுக்கொண்ணு குடுத்தாலும் மிஞ்சும். வாங்கிரலாமா?

ரோஷன்
வாங்குங்கண்ணே 💪💪 ரைடு போறதுக்கு முன்னாடி ஒண்ணு அடிச்சா பறக்கலாம்

பி.டி. சார்
பறக்குறது அப்புறம். சேகரு, ஒரு கேனத் திருப்பிப் பிடிச்சு போட்டோ போடுப்பா. முன்பக்கம் வேணாம். பார்கோடுக்குப் பக்கத்துல எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து இருக்கும் பாரு, அது தெரியணும்.

சேகர்
📷 படம்

பி.டி. சார்
மொத வரி, "அதிக கஃபீன்". காப்பி, டீயில இருக்குற முழிப்புச் சரக்கு அதான். அடுத்து, குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கஃபீன் ஒத்துக்காதவங்க குடிக்க வேணாம். அதுக்கும் கீழ, ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல கூடாது. இதெல்லாம் கம்பெனிக்காரன் மனசு எளகிப் போட்டதில்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் போடச் சொன்னது. காலைல நடக்கப்போறது 14 வயசுக்கு உட்பட்டவங்க மேட்சு. அந்தப் பசங்க கையில இதக் குடுத்துட்டுப் பின்னாடி எந்த பேனரக் கட்டுவ?

ரோஷன்
சார், ஒரு கேன்ல என்ன ஆயிரப்போவுது. காப்பி மாதிரிதான?

அமீர் காக்கா (மருந்துக்கடை)
கணக்குப் போட்டுப் பாப்போம் தம்பி. நம்ம நாட்டு விதிப்படி இந்த மாதிரி பானத்துல லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் கொறையாம, 300க்கு மேல போகாம கஃபீன் இருக்கலாம். 250 மி.லி. கேன்னா உச்சம் 75 மில்லிகிராம். நல்லா இருக்குற பெரிய ஆளுக்கு ஒரு நாள் முழுக்க 400 வரைக்கும் தாங்கும், ஒரே மூச்சுல 200க்கு மேல போகக்கூடாதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது. அப்ப உனக்கு ஒரு கேன் விஷம் இல்ல, ஒத்துக்கிறேன்.

ஆனா சின்னப் புள்ளைக்குக் கணக்கு வேற. கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான். 25 கிலோ பையனுக்கு ஒரு கேனோட அன்னைய கணக்கு முடிஞ்சது. வீட்டுல போடுற டீயும் இதுக்குள்ளதான் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011லயே சொல்லிட்டாங்க, புள்ளைங்களுக்கும் வளரிளம் பருவத்தாருக்கும் எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேணாம்னு. லிதுவேனியா நாட்டுல 18 வயசுக்குக் கீழ விக்கக்கூடாதுன்னு 2014ல சட்டமே போட்டாச்சு.

அமீர் காக்கா
இன்னொண்ணு. காப்பிய ஊதி ஊதிக் குடிப்போம், கால் மணி நேரம் ஆகும். இது ஐஸ்ல இருந்து எடுத்ததும் ரெண்டே மடக்கு. அதான் படபடப்பு சட்டுனு ஏறுது.

ரோஷன்
சர்க்கரை இல்லாத கேனும் இருக்கு காக்கா

அமீர் காக்கா
அதுல சர்க்கரைதான் இல்ல. கஃபீன் அப்படியே இருக்கு.

கிளாரா அக்கா (நர்ஸ்)
சாதா கேன்ல சர்க்கரை என்னன்னு யாரும் பாக்கலையா? படத்துல 100 மி.லி.க்கு 11 கிராம்னு போட்டிருக்கு. எல்லாரும் ஏமாறுற எடமே இதுதான். 11ன்னு பாத்ததும் கொஞ்சம்னு தோணும். கேன் 250 மி.லி., அப்ப ரெண்டரையால பெருக்கணும். 27 கிராமுக்கு மேல வருது, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமோட நிறுத்துனா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே கேன்ல தாண்டியாச்சு.

பி.டி. சார்
ஆடுறவனுக்கு அந்த 11 சதவீதமே எதிரி. சர்க்கரை 8 சதவீதத்தத் தாண்டுனா எரப்பையில இருந்து தண்ணி எறங்குறது மெதுவாயிரும். வயிறு கடகடங்கும், குமட்டும். கேஸ் வேற. குடிச்சிட்டு ரைடு போய் ஒருத்தன் வயித்து மேல விழுந்தான்னா தெரியும் சேதி.

முனியசாமி மாமா (போட் டிரைவர்)
அப்ப ஸ்போர்ட்ஸ் டிரிங்க்னு பாட்டில்ல விக்கிறானே அதுவும் இதே ஜாதியா

பி.டி. சார்
இல்லண்ணே, அது வேற. கடையில ஒரே ஃப்ரிட்ஜுல பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதால ஒண்ணுன்னு நெனச்சுக்கிறோம். எனர்ஜி டிரிங்க் முழிப்புக்கு. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேர்வைக்கு. ஓ.ஆர்.எஸ். வயித்தாலை போறப்ப.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 1965ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ராபர்ட் கேடுங்கிற டாக்டர் குழு, அங்க ஃபுட்பால் ஆடுற பசங்களுக்காகக் கலக்குனது. கேட்டரேட்ங்கிற பேரு அங்க இருந்து வந்ததுதான். 6 சதவீதம் சர்க்கரை, கொஞ்சம் சோடியம் (உப்புல இருக்குறது), துளி பொட்டாசியம். பெரும்பாலும் கஃபீன் கெடையாது. குடல்ல சர்க்கரையும் உப்பும் சோடி போட்டு உள்ள போகும், தண்ணி அதுங்க பின்னாலயே போகும். சூட்சுமம் அம்புட்டுத்தான்.

முனியசாமி மாமா
அப்ப அது நல்லது

பி.டி. சார்
யாருக்குங்கிறத வச்சுத்தான். ஒரு மணி நேரத்துக்குக் கொறஞ்ச ஆட்டத்துக்கு வெறும் தண்ணியே போதும். கபடி 20 நிமிசம், 5 நிமிச இடைவேளை, மறுபடி 20. ஒரு மேட்சுக்கு எந்த பாட்டிலும் வேணாம். ஆனா ஞாயித்துக்கெழமை ஃபைனல் வர்ற டீமு ஒரே நாள்ல மூணு மேட்சு ஆடணும், அதுவும் நம்ம ஊரு புழுக்கத்துல. கடக்கரையில காத்துல ஏற்கெனவே ஈரம் நெறஞ்சு கெடக்கு. வேர்வை ஒடம்ப விட்டு ஒழுகுமே ஒழிய காயாது. காஞ்சாத்தான் சூடு தணியும். அதனால ஒடம்பு இன்னும் இன்னும் வேர்வையத் தள்ளும். அவங்களுக்கு மட்டும் உப்பும் சர்க்கரையும் வேணும். மத்தபடி கேலரில உக்காந்து வேடிக்கை பாக்குறவங்க ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிச்சா அது கலரடிச்ச சர்க்கரைத் தண்ணிதான்.

கிளாரா அக்கா
எவன் ஒடம்புல உப்பு ரொம்பப் போகுதுன்னு கண்டுபிடிக்க டெஸ்ட் எல்லாம் வேணாம். கருப்பு பனியன் போட்டு ஆடச் சொல்லுங்க. காஞ்சப்புறம் முதுகுல, அக்குள்ல வெள்ளையா உப்பளக் கரை மாதிரி கோடு விழுந்தா அவனுக்கு உப்பு கூடவே வேணும்.

பி.டி. சார்
அளவு தெரியணும்னா மேட்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாக்கணும். 60 கிலோ போனவன் 59.2 வந்தா 800 மி.லி. வேர்வை. அடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துல 1 லிட்டர்ல இருந்து 1.2 லிட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். ஒரேயடியா இல்ல.

ரோஷன்
தண்ணி எவ்வளவு குடிச்சாலும் நல்லதுதான சார்?

பி.டி. சார்
தப்பு. வேர்த்து உப்பு போன ஒடம்புல மணிக்கணக்கா வெறும் தண்ணியவே மொண்டு மொண்டு ஊத்துனா ரத்தத்துல சோடியம் எறங்கிரும். தலைவலி, வாந்தி, பேச்சு குழறல். அத வெயில் மயக்கம்னு நெனச்சு இன்னும் தண்ணி குடுப்பாங்க, அது இன்னும் மோசம். தாகத்துக்குக் குடி. 20 நிமிசத்துக்கு ஒரு டம்ளர், 200 மி.லி. சொச்சம்.

சேகர்
சரி, கேன் வேணாம்னு சொல்லிர்றேன். அப்ப என்ன குடுக்குறது? பாட்டில் வாங்க காசு இல்ல. எளநி?

கிளாரா அக்கா
எளநி நல்லதுதான். ஆனா அதுல பொட்டாசியம்தான் தூக்கல், சோடியம் கம்மி. வேர்வையில போறது சோடியம். அதனால ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிக்கணும். கிட்னி கோளாறு உள்ளவங்க மட்டும் டாக்டரக் கேக்காம எளநி குடிக்க வேணாம், அந்தப் பொட்டாசியம் அவங்களுக்கு ஆபத்து.

முனியசாமி மாமா
பதநி சீசன் இன்னும் இருக்கு. சாயல்குடி பக்கம் சொன்னா வந்துரும்

கிளாரா அக்கா
மாமா, பதநியிலயும் சர்க்கரை கிட்டத்தட்ட 10 சதவீதம், சில நாள் கூடவும் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரங்க "இயற்கை"ன்னு நம்பி ஒரு சொம்பு அடிச்சிர்றாங்க. ஆட்டம் முடிஞ்சு குடிச்சா பரவால்ல, நடுவுல வேணாம். கலயத்துல சுண்ணாம்பு கம்மியா இருந்தா மதியத்துக்குள்ள புளிச்சுக் கள்ளாயிரும், அது தனிப் பஞ்சாயத்து 😄

பி.டி. சார்
நாமளே கலக்கிருவோம். 20 லிட்டர் கேன் தண்ணிக்கு அளவு:

சர்க்கரை 1 கிலோ
தூள் உப்பு 30 கிராம்
எலுமிச்சம்பழம் 25

இது 5 சதவீதம் சர்க்கரை, லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. மொதல்ல ரெண்டு லிட்டர் தண்ணிய வெதுவெதுன்னு சூடாக்கி சர்க்கரையையும் உப்பையும் அதுல கரைச்சு, வடிகட்டி, ஆறவிட்டு அப்புறம் கேன்ல ஊத்தணும். பச்சைத் தண்ணியில அப்படியே கொட்டுனா அடியில தங்கிரும். மேல குடிக்கிறவனுக்குச் சப்புன்னு இருக்கும், கடைசில குடிக்கிறவனுக்குப் பாகு. எலுமிச்சைச் சாறு கடைசியா, விதை இல்லாம. விதையும் தோலும் நசுங்குனா கசக்கும்.

சேகர்
உப்பு 30 கிராம்னா எத்தன ஸ்பூன் சார்

பி.டி. சார்
தூள் உப்பு தலதட்டி ஒரு டீஸ்பூன் 5ல இருந்து 6 கிராம். கல்லுப்புன்னா ஸ்பூன் கணக்கு ஒத்துவராது. கல்லுக்கு நடுவுல சந்து இருக்கும், ஒரு ஸ்பூனுக்கு ஒரு எடை வரும். வாலிநோக்கம் உப்பே வேணும்னா எடை போட்டுப் போடு.

அமீர் காக்கா
ஐஸு விசயம் மறந்துறாதீங்க. மீனுக்குப் போடுற ஐஸ் கட்டிய ஒடச்சு ஜூஸுக்குள்ள போட்டா ராத்திரிக்குள்ள பாதி டீமுக்கு வயித்தாலை. அந்த ஐஸு குடிக்கிற தண்ணியில செஞ்சதில்ல. கேனுக்கு வெளிய சுத்திப் போடுங்க, உள்ள போடாதீங்க.

கிளாரா அக்கா
கலக்கி நாலு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க. மொத கேன் மதியம் 3க்கு, ரெண்டாவது சாயங்காலம் 6க்கு. 96 பேருக்கு ஆளுக்கு 400 மி.லி.ன்னா 38 லிட்டர் சொச்சம். ரெண்டு கேன் போதும். வெறும் தண்ணி தனியா 8 கேன்.

கிளாரா அக்கா
பெரியவங்களுக்கு மோர். 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணி, உப்பு 10 கிராம், இஞ்சி, கறிவேப்பிலை. ரத்தக்கொதிப்பு உள்ளவங்களுக்கு உப்பில்லாம ஒரு குடம் தனியா எடுத்து வைங்க. நம்ம வீட்டுக் கருவாட்டுக் கொழம்புலயே அவங்க உப்புக் கணக்கு முடிஞ்சிரும்.

ரோஷன்
மெடிக்கல்ல டெட்ரா பாக்கெட்ல ஆரஞ்சு கலர்ல ஓ.ஆர்.எஸ். இருக்கே, அத வாங்குனா என்ன?

அமீர் காக்கா
நல்ல கேள்வி. நெசமான ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டு. ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை கம்மி, உப்பு கூட. டெட்ரா பாக்கெட்ல பல சரக்கு இதுக்குத் தலைகீழா சர்க்கரை கூட, உப்பு கம்மியா இருந்துச்சு. வயித்தாலை போற புள்ளைக்கு அதக் குடுத்தா குடலுக்குள்ள தண்ணிய இழுத்து இன்னும் போக வைக்கும். ஐதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதுக்காக வருசக்கணக்கா மல்லுக்கட்டுனாங்க. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தச் சூத்திரப்படி இல்லாத பானத்துல ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேரே வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு.

பவுடர் வாங்குனாலும் முழு பாக்கெட்டயும் முழு ஒரு லிட்டர்ல கரைக்கணும். பாதி பாக்கெட்டு, ஒரு டம்ளர்ங்கிற கணக்கெல்லாம் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது.

முனியசாமி மாமா
எங்க விசயத்தையும் சொல்லுங்க பாய். தடை முடிஞ்சு ஜூன் 15ல இருந்து போட்டு போகும். ராத்திரி வல இழுக்குற பயலுக ஆளுக்கு ரெண்டு மூணு டின்னு எடுத்துட்டுத்தான் ஏறுவானுக

அமீர் காக்கா
மாமா, கஃபீன் தூக்கத்த அழிக்காது, தள்ளிப்போடும். குடிச்சு அரை மணி, முக்கா மணி கழிச்சு ஏறும். ஒடம்புல பாதி கொறையவே அஞ்சு மணி நேரம் ஆகும். நடுராத்திரி குடிச்சா காலைல கரைக்கு வந்து படுத்தாலும் கண்ணு மூடாது, மறுநாள் அத விட மோசமா சோர்வு வரும். பீடி சிகரெட் குடிக்கிறவனுக்குக் கஃபீன் சீக்கிரம் கரையும், அதனால "ஒண்ணும் ஏறலியே"ன்னு அடுத்தத ஒடைப்பான். முறை வச்சு ஆளுக்கு 20 நிமிசம் கண்ணசர விடுங்க, வல இழுக்குற விஞ்ச்சு மிஷின் கிட்ட கை வைக்கிறவன் அப்பத்தான் நிதானமா இருப்பான்.

சரக்கோட கலந்து குடிக்கிறத மட்டும் தடுத்துருங்க. போதை ஏறுனது தெரியாது, கூட ரெண்டு கட்டிங் உள்ள போகும்.

மாத்திரை சாப்புடுறவங்க கவனிக்கணும். சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை கஃபீன ஒடம்புலயே தங்க வச்சிரும். தியோபிலின் சேர்ந்த இழுப்பு மாத்திரையும் எனர்ஜி டிரிங்கும் சேர்ந்தா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதயத் துடிப்புல கோளாறு இருக்குறவங்க வாயிலயே வைக்கக்கூடாது.

ரோஷன்
கேன்ல டாரின்னு போட்டிருக்கே, அது ஒடம்புக்கு நல்லதாமே?

கிளாரா அக்கா
அது ஒடம்பே தயார் பண்ணிக்கிற சத்து தம்பி. பத்தாததுக்குக் கணவாயிலயும் சிப்பியிலயும் நெறய இருக்கு. ராமேஸ்வரம் தீவுல உக்காந்துக்கிட்டு டாரினக் காசு குடுத்து டின்ல வாங்குவியா 😂

ரோஷன்
இச்செய்தி நீக்கப்பட்டது

பி.டி. சார்
ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ஒண்ணு. எவனாவது ஆட்டத்துல தள்ளாடி, ஒளறி, ஒடம்பு கொதிச்சா அது தாகம் இல்ல. வாயில எதையும் ஊத்தாம நெழலுக்குத் தூக்கி, தண்ணிய ஒடம்பு மேல ஊத்தி விசிறிக்கிட்டே 108க்கு அடிக்கணும். கெண்டக்கால் பிடிச்சா மொதல்ல பாதத்த முட்டிப் பக்கமா மடக்கி நீட்டி விடு, டின்ன ஒடைக்காத.

சேகர்
சரி சார். ஏஜென்சிக்கு வேணாம்னு சொல்லியாச்சு. எலுமிச்சை 50, சர்க்கரை 2 கிலோ, தண்ணி கேன் 10 நான் சொல்லிர்றேன். உப்பு எடை போட மீன் ஏலம் விடுற எடத்துல இருந்து மீன் தராசு எடுத்துட்டு வரவா?

முனியசாமி மாமா
ஏப்பா அந்தத் தராசு 30 கிராமக் காட்டுமா. மீன் செதிலுக்கே முள்ளு ஆடாது அதுல

அமீர் காக்கா
கடையில கிராம் தராசு இருக்கு. உப்ப 30, 30ஆ ரெண்டு பொட்டலமாக் கட்டி சனிக்கெழம ராத்திரி குடுத்து விடுறேன். யாராவது வந்து வாங்கிக்குங்க.

ரோஷன்
நான் வர்றேன் காக்கா