மரத்துப்போகும் ஊசி தந்த வலி: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
கால் பெருவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருந்தது. பாதி நகத்தை எடுத்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அதற்கு முன் விரலின் அடியில் இருபுறமும் போட்ட ஊசியை நினைத்தால், நான்கு ஆண்டுகள் கழித்தும் கால் தானாகவே மடங்கிக்கொள்கிறது. குத்தியதுகூடப் பெரிதில்லை, மருந்து உள்ளே இறங்கியபோது, மிளகாய்த்தூளைக் கரைத்து விரலுக்குள் ஊற்றியது போல எரிந்தது. வலியைப் போக்கும் மருந்தே ஏன் இப்படி எரிய வேண்டும்?

பழைய செவிலி:
மரத்துப்போகப் போடும் மருந்தான லிக்னோகெய்ன், கெடாமல் இருப்பதற்காக அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுகிறது. இரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலின் சேர்ந்த மருந்தின் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 4, நம் உடலுடையதோ 7.4. பத்துப் பங்கு மருந்துக்கு அமிலத்தைத் தணிக்கும் 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல் ஒரு பங்கை, போடுவதற்குச் சற்று முன் கலந்தால் எரிச்சல் வெகுவாகக் குறையும். மருந்துக்குப்பியை உடல் வெப்பத்துக்குச் சூடாக்குவதும் உதவும். இவ்வளவும் தெரிந்த நானே ஒரு நாள், நெற்றி கிழிந்து வந்த சிறுவனுக்கு, மருந்தை உறிஞ்சிய தடித்த ஊசியை மிக மெல்லிய 30 கேஜ் ஊசியாக மாற்றாமல் மருத்துவரிடம் நீட்டிவிட்டேன். அவன் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொழுப்புக்கட்டிக்காரன்:
செவிலியம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் அமிலத்தின் மேல் போடுவதை ஏற்க மாட்டேன். என் முதுகில் இருமுறை கட்டி எடுத்தார்கள், இரண்டு முறையும் லிக்னோகெய்ன்தான். முதலாமவர் மருந்தை ஒரே மூச்சில் ஏற்றினார்; நான் மேசையைக் கடித்தேன். இரண்டாமவர் தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அரை மில்லி போட்டதும் நிறுத்தி, "குத்தல் போய்விட்டதா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகே மேற்கொண்டு செலுத்தினார். கிள்ளுவது வெறும் கவனத்திருப்பல் என்று சிரிக்காதீர்கள்; தொடுவுணர்வு வலியை மறிக்கும் என்பதற்கு வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இலேயே விளக்கம் தந்துவிட்டார்கள். மேலும், எல்லா மருந்திலும் பைகார்பனேட்டை இப்படிக் கலக்க முடியாது, பியூபிவகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தில் கலந்தால் துகளாகப் படிந்துவிடும். வைகைக்கரை அவர்களே, சீழ் வைத்த இடத்தில் மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது, ஆகவே அடுத்த முறை புண் முற்றும் வரை காத்திருக்காதீர்கள். செருப்பையும் அகலமானதாக வாங்குங்கள். நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள்.

வைகைக்கரை:
செருப்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை, ஐயா. இப்போது இடது காலிலும் நகம் உள்ளே வளர்கிறது, அடுத்த வாரம் போகிறேன். மருந்தை மெதுவாகப் போடுங்கள் என்று மருத்துவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?

பழைய செவிலி:
ஊசியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.