காலைல 90%, மதியம் 55%. ஆனா மதியம்தான் வேர்த்துக் கொட்டுது, ஏன்?

மொட்டைமாடி:
சென்னைல இருக்கேன். சின்னதா ஒரு டிஜிட்டல் ஹியூமிடிட்டி மீட்டர் வாங்கி ஹால்ல வெச்சிருக்கேன், காலைல 26 டிகிரி 90%னு காட்டுது, மதியம் 35 டிகிரி 55%. அப்ப காத்துல ஈரம் குறைஞ்சிருக்கணும்ல? ஆனா மதியம்தான் சட்டை முதுகோட ஒட்டிக்குது. போன வாரம் ஊட்டில 12 டிகிரி, 95%, ஒரு சொட்டு வேர்வை இல்ல. மீட்டர் டுபாக்கூரா?

ஈரத்துணி:
மீட்டர் சரியாதான் இருக்கு, பர்சன்ட்தான் ஆளை ஏமாத்துது. அந்த வெப்பநிலைல காத்து எவ்ளோ நீராவி தாங்குமோ அதுல எத்தனை பங்கு இருக்குங்கறதுதான் அது. சூடு ஏற ஏற தாங்கற அளவும் எகிறும், ஒரு கனமீட்டர் காத்து 26 டிகிரில சுமார் 24 கிராம், 35ல 40 கிராம் கிட்ட. உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க, காலைலயும் 22 கிராம், மதியமும் 22 கிராம். தண்ணி அப்படியேதான் இருக்கு, பாத்திரம்தான் பெருசாச்சு. ஈரம் குறையாம சூடு மட்டும் ஏறினதாலதான் மதியம் வேர்த்துக் கொட்டுது. ஊட்டில 95%னாலும் 10 கிராம்தான்.

அதனால டியூ பாயின்ட் பாருங்க, பனிநிலைனு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். காத்தை எவ்ளோ குளிர வெச்சா பனி பிடிக்கும்ங்கற டிகிரி. உங்களுக்கு ரெண்டு வேளையும் 24, 25 வரும், ஊட்டிக்கு 11. என்னைக் கேட்டா 20 தாண்டினாலே கசகசப்புதான்.

பழையகாலேஜ்:
வேர்வை காயுமாங்கறதுக்கு வெட் பல்ப்தான் நெருக்கம். தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி காத்தாட விட்டா எத்தனை டிகிரிக்கு இறங்குதோ அது. மண்பானைத் தண்ணி ஜில்லுனு ஆகற அதே சங்கதி. உங்க 35, 55%க்கு 27.5 கிட்ட நிக்கும். அந்த வெட் பல்ப் அளவே 35 ஆயிட்டா ஃபேன் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, உடம்புச் சூடு இறங்க வழியே கிடையாது. (1783ல சோஸ்யூர்ங்கறவர் மனுஷ முடியை வெச்சே ஹைக்ரோமீட்டர், அதாவது காத்து ஈரம் அளக்கற கருவி செஞ்சார், ஈரம் பட்டா முடி நீளும்.)

ஈரத்துணி:
மீட்டர் மேல சந்தேகம் தீரலைன்னா ஒரு மூடில உப்பு போட்டு, கரையாம சேறு மாதிரி இருக்கற அளவுக்கு தண்ணி விட்டு, அந்த மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. 75% காட்டணும்.

மொட்டைமாடி:
பண்ணிட்டேன், 78 காட்டுது. 3 கழிச்சுக்கறேன். புழுக்கத்துல எதைக் கழிக்கறதுன்னுதான் தெரியல 😅