பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை லினக்ஸில் நிறுவ வைனோடு போராடலாமா, விட்டுவிடலாமா?

அச்சகத்துப்பெண்:
வணக்கம். கும்பகோணத்துப் பக்கம் அச்சகம் நடத்துகிறோம். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, குடமுழுக்கு மலர் இவைதான் எங்கள் வேலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு எங்கள் கணினிகளில் இல்லை. நன்றாக ஓடும் இயந்திரங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டோம். மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அப்பா காலத்திலிருந்து பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளை மட்டும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனில் நிறுவ முடியவில்லை. குறுந்தகட்டில் உள்ள செட்டப் கோப்பைச் சொடுக்கினால் ஒரு கணம் சுழன்றுவிட்டு மறைகிறது. கட்டளை தட்டும் முனையத்தில் ஓட்டினால் 'ஃபிக்ஸ்மி' என்று தொடங்கும் வரிகள் பக்கம் பக்கமாகக் கொட்டுகின்றன. இவற்றில் எதைப் பார்ப்பது?

காவிரிக்கரை:
சகோதரி, 'ஃபிக்ஸ்மி' வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த இடம் இன்னும் முழுமையடையவில்லை என்று வைனை எழுதியவர்கள் தங்களுக்காக விட்டுவைத்த குறிப்புகள் அவை. நன்றாக ஓடும் நிரலிலும் வரும். 'எர்ர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், அதிலும் முதலாவதை. பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

அதற்கு முன், குறுந்தகட்டு அடைவில் 'ஃபைல் செட்டப்.எக்ஸ்இ' என்று கட்டளை கொடுங்கள். 'பிஇ32' என்று வந்தால் அது 32-பிட் நிரல். 'என்இ' என்று வந்தால் விண்டோஸ் 3 காலத்து 16-பிட் நிறுவி. அந்நாளில் மென்பொருளை 32-பிட்டுக்கு மாற்றியவர்களிலும் பலர் நிறுவியை மட்டும் 16-பிட்டிலேயே விட்டுவிட்டார்கள். 64-பிட் விண்டோஸ் அந்த நிறுவிகளை ஓட்டாது. வைனில் பல வேளை ஓடிவிடுகின்றன. எப்படியானாலும் 'ஐ386' என்னும் 32-பிட் கட்டமைப்பைச் சேர்த்து 'வைன்32' தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

பிறகு, வைன் எந்த அடைவில் இயங்க வேண்டும் என்று சொல்லும் 'வைன்ப்ரிஃபிக்ஸ்' மாறியில் புதிய பாதை கொடுத்து, இந்த மென்பொருளுக்கென்றே தனி அடைவு உண்டாக்குங்கள். பழைய அடைவில் பாதியில் நின்ற முயற்சிகளின் மிச்சம் கிடக்கும், அது அடுத்த முயற்சியையும் கெடுக்கும். நிர்வாகி அதிகாரம் தரும் 'சுடோ' சேர்த்து ஓட்டவே கூடாது. கோப்புகளெல்லாம் ரூட் என்னும் நிர்வாகியின் பெயருக்குப் போய்விடும், பிறகு உங்கள் கணக்கிலிருந்து அவற்றை எழுத முடியாது.

செங்காந்தள்:
இந்த அறிவுரை எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. நிறுவுவது எப்படி என்று மட்டும் பார்க்கிறீர்கள், நிறுவியபின் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறிமுறைக்கு முந்தைய எழுத்துருவில்தானே அந்த மென்பொருள் இயங்குகிறது? அதில் இன்று தட்டச்சு செய்யும் ஒவ்வோர் அழைப்பிதழும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பை. தேட முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. 2010-இல் தமிழக அரசே யுனிகோடையும் டேஸ்16 என்னும் தமிழ்க் குறிமுறையையும் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன்பிறகும் அச்சகங்கள் பழைய குறிமுறையை விடவில்லை. கணினி மாறும் இந்த நேரத்தில் விடாவிட்டால் எப்போது விடுவார்கள்?

லினக்ஸில் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் போடுங்கள், அக்கா. 1.4 வரிசையில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக நின்றது உண்மைதான். 2024 ஜனவரியில் வந்த 1.6 தமிழைச் சரியாகக் கோக்கிறது.

நிலாமுற்றம்:
இரண்டு பேருக்கும் நடுவில் எளிய வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸுக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கணினியில் பழைய விண்டோஸைப் போட்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதற்குள் மென்பொருளை நிறுவலாம். அங்கே உண்மையான விண்டோஸே இருப்பதால் நிரலுக்குத் துணையான எந்த நூலகக் கோப்பும் விடுபடாது. அந்தக் காலத் தமிழ் மென்பொருள்களில் சில, கணினியில் செருகும் வன்பொருள் பூட்டோடு வந்தவை. பூட்டுக்கு விண்டோஸின் உட்கருவில் இயங்கும் இயக்கி தேவை, வைனில் அது பெரும்பாலும் இயங்காது. பூட்டு இருந்தால் வைனில் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம்.

காவிரிக்கரை:
பூட்டைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் டிபிஎம் 2.0 இல்லாத கணினி என்கிறார். நினைவகம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸுக்கும் உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது? அந்த விண்டோஸுக்கு உரிமமும் தேவை.

செங்காந்தள், இவர்களிடம் அப்பா காலத்துக் கோப்புகள் குவிந்திருக்கும். அந்த மென்பொருள் திறக்காமல் அவற்றிலிருந்து ஓர் எழுத்தையாவது எப்படி வெளியே எடுப்பீர்கள்? யுனிகோடுக்குப் போவதற்கும் வைன் வழியாகத்தான் போக வேண்டும்.

அச்சகத்துப்பெண்:
பூட்டு கிடையாது, பெட்டியில் வரிசை எண் மட்டும்தான். 'பிஇ32' என்று வந்தது. வைன்32 போட்டு, புதிய அடைவில் ஓட்டியதும் நிறுவல் கடைசி வரை போய்விட்டது! ஆனால் மென்பொருள் திறக்கவில்லை. முதல் 'எர்ர்' வரியில் எம்எஃப்சி42.டிஎல்எல் கிடைக்கவில்லை என்று இருக்கிறது. கணினியில் 4 ஜிபிதான்.

காவிரிக்கரை:
இனி எளிது. விஷுவல் சி++ 6-இல் எழுதிய நிரல்களுக்கு அந்த நூலகம் வேண்டும். வைனில் நூலகங்களைச் சேர்க்கும் கருவி வைன்ட்ரிக்ஸ். 'வைன்ட்ரிக்ஸ் எம்எஃப்சி42' என்று, அதே வைன்ப்ரிஃபிக்ஸ் பாதையோடு கொடுங்கள். பாதையை மறந்தால் நூலகம் வேறு அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இணையத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து டிஎல்எல் கோப்பை இறக்கிப் போடாதீர்கள். என்ன பதிப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அச்சகத்துப்பெண்:
திறந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் அப்பாவின் பழைய பத்திரிகைகளைத் திறந்தால் பாதி எழுத்து கேள்விக்குறியாக இருக்கிறது. எழுத்துருக்களை நகலெடுத்துப் போட்டுவிட்டேன். பட்டியலில் பெயர்களும் தெரிகின்றன.

நிலாமுற்றம்:
கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். யுனிகோடு அறியாத நிரல்களுக்கு எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு குறிமுறைப் பக்கத்தை விண்டோஸ் தரும். தமிழுக்கு அப்படி ஒன்று ஒதுக்கப்படவே இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் 1252 என்னும் மேற்கு ஐரோப்பியப் பக்கத்தின் இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்துகொண்டு வாழ்ந்தவை. வைன் உங்கள் லினக்ஸின் மொழியைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்கிறது. மென்பொருளைத் தொடங்கும் கட்டளையின் முன்னால் 'எல்சி_ஆல்' மாறிக்கு அமெரிக்க ஆங்கிலம், யுடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள். லினக்ஸ் தமிழிலேயே இருக்கட்டும், இந்த ஒரு நிரல் மட்டும் ஆங்கிலச் சூழலில் திறக்கும்.

4 ஜிபி என்றால் மெய்நிகர் கணினி வேண்டாம். அதைப் பொறுத்தவரை காவிரிக்கரை சொன்னதை ஏற்கிறேன்.

அச்சகத்துப்பெண்:
கேள்விக்குறி போய்விட்டது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனி தட்டச்சு ஒன்றுதான் பாக்கி. விண்டோஸில் வைத்திருந்த விசைப்பலகை நிரலையும் வைனில் நிறுவலாமா?

செங்காந்தள்:
வேண்டாம், அக்கா. அது வைன் சாளரங்களுக்குள் வேலை செய்தால் உண்டு, லினக்ஸின் மற்ற நிரல்களில் ஓர் எழுத்தும் வராது. லினக்ஸின் தட்டச்சுக் கருவிகளான ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டால் தமிழ்99, தட்டச்சுப்பொறி இரண்டு அமைப்பும் கிடைக்கும். ஆனால் அவை தருவது யுனிகோடு, உங்கள் பழைய மென்பொருளுக்கு அது புரியாது. நான் முதலிலிருந்தே சொல்வது இதைத்தான். புதிய பத்திரிகைகளை அதற்குள் அடிக்காதீர்கள்.

காவிரிக்கரை:
ஓர் அச்சகம் நாளைக் காலையில் முகூர்த்தப் பத்திரிகை கொடுக்க வேண்டும். பெயரையும் தேதியையும் மாற்றினால் முடிந்துவிடும் அச்சுப்படிவங்கள் அவர்களிடம் ஏராளம். அவற்றைப் புதிதாக ஸ்கிரைபஸில் கட்டுவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கொள்கையை அவர்களுடைய வருமானத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

செங்காந்தள்:
வருமானத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். இந்தக் கணினியும் ஒருநாள் பழுதாகும். அன்று இதே எழுத்துரு, இதே டிஎல்எல், இதே மொழிச்சூழல் என்று எல்லாவற்றையும் யார் உட்கார்ந்து சேர்ப்பது?

காவிரிக்கரை:
அந்த வைன் அடைவை அப்படியே நகலெடுத்து வெளிவட்டில் வைத்தால் போதும். மறுபடி நிறுவ வேண்டியதில்லை. தனி அடைவு என்று சொன்னதன் பயனில் பாதி அது.

அச்சகத்துப்பெண்:
மறுபதிப்புப் பத்திரிகைகள் வைனில் நடக்கட்டும். குடமுழுக்கு மலரை ஸ்கிரைபஸில் தொடங்குகிறேன். அதில் போன மலரின் கட்டுரைகள் சிலவற்றைச் சேர்க்க வேண்டும், அவை பழைய எழுத்துருவில் இருக்கின்றன.

செங்காந்தள்:
மிக்க மகிழ்ச்சி. கட்டுரைகளை உரைக்கோப்பாக வெளியே எடுங்கள். எழுத்துரு டாம், டாப், டிஸ்கி, பாமினி போன்ற அறியப்பட்ட குறிமுறை என்றால் ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகம் யுனிகோடாக மாற்றித்தரும். ஆனால் மாற்றியதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பல பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதைக் கொம்பு, க, ள என்று மூன்றாகவே அடித்திருப்பார்கள். அது 'கெள' என்று மாறி வரலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கௌரி, சௌந்தரம், மௌலி என்று உபயதாரர் பட்டியலில் எத்தனை பெயர் இருக்குமோ, அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.